மொரீஷியஸ் போகிறீர்களா? கொத்தமல்லியிலிருந்து தொடங்குங்கள்: ஒரு முழு வழிகாட்டி

போர்ட் லூயிஸ் மத்தியச் சந்தையில் கீரை விற்கும் அம்மா ஒரு கொத்தைத் தூக்கிக் காட்டி "கோத்தோமிலி" என்பார். பக்கத்திலேயே கட்டுக்கட்டாக "முரூம்" கிடக்கும், நம் முருங்கைக்கீரைதான். கறிவேப்பிலை "கரிபுலே", பீர்க்கங்காய் "பிப்பங்காய்". சௌசௌ மட்டும் கிட்டத்தட்ட நாம் சொல்வது போலவே "ஷுஷூ". இத்தனையும் சொல்கிறவருக்குத் தமிழில் ஒரு வாக்கியம்கூட வராது. அவர் தமிழ் வம்சாவளியே இல்லாமலும் இருக்கலாம். ஆப்பிரிக்க வம்சாவளிப் பாட்டிக்கும் சீனக் கடைக்காரருக்கும் பீகார் பக்கத்து மொழியான போஜ்புரி பேசிய வம்சத்துப் பையனுக்கும் அது கோத்தோமிலிதான்.

நம் ஊரிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. தேனிலவுப் பாக்கேஜில் போய், ஹோட்டல் கடற்கரையில் ஐந்து நாள் படுத்துவிட்டு வருகிறவர்கள் ஒரு வகை. "அங்கே நம்ம ஆளுங்க இருக்காங்க" என்று போய், பார்க்கிறவரிடமெல்லாம் "தமிழ் தெரியுமா?" என்று கேட்டு, தெரியாது என்றதும் முகம் சுருங்குகிறவர்கள் மற்றொரு வகை. இரண்டாம் வகையில் முதல் பயணத்தில் நானும் இருந்தேன். தீவை அடுக்களை வழியாகப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்த மக்கள் எனக்குப் பிடிபட்டார்கள். அந்த வரிசையில்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: யார் எப்போது வந்தார்கள் என்று தெரிந்துகொண்டு ஏறுங்கள்

மொரீஷியஸில் பூர்வகுடி என்று யாரும் இல்லை. எல்லாருமே கப்பலில் வந்தவர்கள். 1598-ல் டச்சுக்காரர்கள் இறங்கித் தங்கள் இளவரசர் மௌரிட்ஸின் பெயரை வைத்தார்கள். டோடோ பறவை அழிந்தது அவர்கள் காலத்தில். 1715-ல் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். 1735-ல் ஆளுநராக வந்த மாஹே த லா பூர்தொனே போர்ட் லூயிஸைத் துறைமுக நகரமாக்கினார். அந்த வேலைக்குப் பாண்டிச்சேரிப் பக்கமிருந்து கொத்தர்களையும் கைவினைஞர்களையும் வரவழைத்தார்கள். கரும்புத் தோட்டக் கூலிகள் வருவதற்கு நூறு ஆண்டு முன்பே தமிழர்கள் அங்கே கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்களைவிடப் பலமடங்கு.

1810-ல் பிரிட்டிஷார் கைப்பற்றினார்கள். 1835-ல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டும் என்று 1834 முதலே இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்தார்கள். கல்கத்தா வழியாகப் போஜ்புரி பேசுகிறவர்கள், சென்னை வழியாகத் தமிழரும் தெலுங்கரும், பம்பாய் வழியாக மராத்தியர். 1920 வரை வந்தவர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். அவர்கள் இறங்கிய இடம்தான் போர்ட் லூயிஸில் உள்ள ஆப்ரவாசி காட், 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கே போனால் 16 கல்படிகளை ஓடி ஏறி இறங்கிவிட்டு வராதீர்கள். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்து நில்லுங்கள்.

விடுதலை 12 மார்ச் 1968. குடியரசானது அதே தேதியில், 1992-ல். முதல் குடியரசுத் தலைவர் வீராசாமி ரிங்காடு, தமிழ் வம்சாவளியினர்.

கையில் வரும் ரூபாய்த் தாளைத் திருப்பிப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதன் பிறகுதான் இந்தி. 1998-ல் வெளியான புதுத் தாள்களில் இந்தி முன்னே வந்து தமிழ் மூன்றாமிடத்துக்குப் போனது. தமிழர்கள் கொதித்தெழ, அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டு மறு ஆண்டே பழைய வரிசை திரும்பியது. வீட்டில் தமிழ் பேசாதவர்கள் தமிழ் எழுத்து நிற்கும் இடத்துக்காக அப்படிப் போராடினார்கள். "தமிழ் தெரியுமா?" என்ற கேள்வி ஏன் அவர்களைக் குத்துகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. நூறு ரூபாய்த் தாளில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், விடுதலைக்கு முந்தைய காலத்து அரசியல் தலைவர். பெயரைச் சத்தமாகப் படித்துக் காட்டினால் கடைக்காரர் சிரிப்பார். அவர்கள் உச்சரிப்பு வேறு.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் பருவம் நமக்குத் தலைகீழ். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயிலும் மழையும். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் வரலாம். மே முதல் அக்டோபர் வரை இதமான குளிர்காலம், ஆனால் கிழக்குக் கரையில் காற்று வாரும். குளிக்கவும் சுற்றவும் சேர்த்துப் பார்த்தால் அக்டோபர், நவம்பர் நல்லது. நவம்பர் கடைசியில் லிச்சிப் பழமும் வந்துவிடும். காவடி பார்க்க வேண்டுமென்றால் தைப்பூசத்துக்கு, புயலுக்குத் துணிந்துதான் போக வேண்டும். நான் துணியச் சொல்வேன்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் சுற்றுலாவுக்கு முன்கூட்டி விசா வாங்க வேண்டியதில்லை. திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட விவரமும் கையில் இருக்கட்டும், இணையத்தில் நிரப்பும் பயணப் படிவத்தைப் புறப்படும் முன் முடித்துவிடுங்கள். பெட்டியில் கறிவேப்பிலைக் கொத்து, பழம், விதை, செடி எதுவும் வேண்டாம். அனுமதியில்லாமல் உள்ளே விடமாட்டார்கள். மின்சிகரெட்டுக்கும் தடை உண்டு. போதைப்பொருள் விஷயத்தில் சட்டம் மிகக் கடுமை. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளுக்குச் சீட்டும் கூடவே இருக்கட்டும்.

படி 3: எட்டுச் சொல் கிரியோல்

அலுவலகத்தில் ஆங்கிலம், நாளிதழில் பிரெஞ்சு, வீட்டிலும் தெருவிலும் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. ஆங்கிலத்தில் சமாளித்துவிடலாம். ஆனால் "போன்ஸூர்" சொல்லாமல் கடைக்குள் நுழைந்து விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. பேருந்து நடத்துநருக்கும் அதைச் சொல்லுங்கள்.

"கி மான்யேர்?" என்றால் எப்படி இருக்கிறீர்கள். "மோ ப்யேன், மெர்சி" என்றால் நன்றாக இருக்கிறேன், நன்றி. விலை கேட்க "கோம்யே?". இறைச்சி சாப்பிடாதவர்கள் "மோ பா மான்ஸ் லாவியான்" என்பதை மனப்பாடம் செய்யுங்கள். விடைபெறும்போது "சலாம்": இந்து, கிறித்தவர், முஸ்லிம் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். விரதத்துக்கு "கரேம்". கத்தோலிக்கரின் தவக்காலத்தைக் குறித்த பிரெஞ்சுச் சொல் அது. இப்போது காவடிக்கு விரதம் இருக்கிறவரும் ரமலான் நோன்பு இருக்கிறவரும் கரேம்தான் இருக்கிறார்கள்.

ஒரு சொல்லை மட்டும் வாயில் எடுக்காதீர்கள்: "மல்பார்". பிரெஞ்சுக்காரர் காலத்தில் தென்னிந்தியர்களுக்கு வைத்த பெயர். அங்கே இன்று அதை இந்துக்களை இளக்காரமாகச் சொல்லவும் பயன்படுத்துகிறார்கள். தண்டுக்கீரை வகைக்கு "ப்ரேத் மல்பார்" என்று பெயர், கீரைக்குச் சொன்னால் தப்பில்லை, ஆளுக்குச் சொன்னால் தப்பு. தமிழ் வம்சாவளியினர் தங்களைத் "தமூல்" என்கிறார்கள், "இந்து" என்ற சொல்லை அங்கே பெரும்பாலும் வடஇந்திய வம்சாவளிக்கே விட்டுவிடுகிறார்கள். இந்தப் பிரிவைப் பற்றி விவாதம் செய்ய நாம் போகவில்லை.

படி 4: சாப்பாடு, இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

ஹோட்டல் காலைச் சாப்பாட்டை ஒரு நாளாவது விட்டுவிட்டு ஏழரை மணிக்குத் தெருவுக்கு வாருங்கள். கண்ணாடிப் பெட்டி வைத்த வண்டியில் "காத்தோ பிமா" சுடுவார்கள். பருப்பை ஊறவைத்துக் கரகரவென அரைத்து, பச்சைமிளகாயும் வெங்காயத்தாளும் கோத்தோமிலியும் சேர்த்துச் சின்னச் சின்னதாக உருட்டிப் போடுவது. நம் பருப்பு வடையின் தம்பி. ஆனால் அதை வெண்ணெய் தடவிய பிரெஞ்சு ரொட்டிக்குள் வைத்து நசுக்கித் தருவார்கள். பாண்டிச்சேரியில் இது ஏன் தோன்றவில்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

பத்து மணி ஆனதும் தால்புரி. இதுதான் தீவின் தேசிய உணவு என்று எல்லாரும் சொல்வார்கள், பீகாரிலிருந்து வந்தவர்களின் கொடை. வேகவைத்து மாவாகப் பொடித்த பருப்பை உள்ளே வைத்து, துணி போல மெல்லியதாகத் தேய்த்துக் கல்லில் போடுகிறார்கள். வெல்லம் இல்லாத பருப்புப் போளி என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தொட்டால் மடியும் மென்மை. எப்போதும் ஜோடியாகத்தான் விற்பனை: "என் பேர்" என்றால் ஒரு ஜோடி. உள்ளே பெரிய மொச்சைக் குழம்பு, "ருகாய்" என்கிற தக்காளித் தொக்கு, சட்னி தடவிக் காகிதத்தில் சுருட்டித் தருவார்கள். "பிமா?" என்று கேட்பார்கள். "திகித்" என்றால் கொஞ்சம், "சான் பிமா" என்றால் காரம் வேண்டாம். ஆந்திரக் காரம் தின்கிறவன் நான் என்ற மிதப்பில் தலையாட்டிவிட்டுக் கண்ணில் நீர் வழிய நின்றிருக்கிறேன். அந்தப் பச்சைமிளகாய் விழுதை மதிக்க வேண்டும். நின்றபடியே சாப்பிடுங்கள், காகிதத்திலிருந்து முழங்கை வரை குழம்பு ஒழுகுவது வழக்கம்தான்.

கூட்டம் இருக்கும் வண்டியில் வாங்குங்கள். காலியான வண்டியில் தால்புரி ஆறிப்போய் விறைத்திருக்கும்.

மதியத்துக்கு போர்ட் லூயிஸ் சைனா டவுன். "மீன் ஃப்ரீர்" என்றால் வறுத்த நூடுல்ஸ், கடல் மீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "புலெத்" என்பது ஆவியில் வேகவைத்த உருண்டை. சௌசௌவில் செய்வதும் உண்டு, ஆனால் சைவர்கள் கேட்டுவிட்டே வாங்குங்கள், இறால் கலந்திருக்கலாம். "போல் ரான்வெர்சே" கிண்ணத்தில் முட்டையும் கறியும் சோறும் அடுக்கி, தட்டில் கவிழ்த்து எடுப்பது. குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

தாகத்துக்குச் சந்தையில் "அலூடா": பால், சப்ஜா விதை, கடற்பாசித் துருவல். சந்தைக்கு வெளியே அன்னாசியைச் சுழல்சுழலாகச் செதுக்கி, மிளகாயும் உப்பும் புளியும் தடவித் தருவார்கள். மதுரைப் பள்ளிக்கூட வாசல் ஞாபகம் வரும்.

வீட்டுச் சாப்பாடு என்றால் சோறு, பருப்பு, "புய்யோன் ப்ரேத்" என்கிற கீரைத் தண்ணிச்சாறு, ஒரு கறி, ஒரு சட்னி. கடுகும் மஞ்சளும் வினிகரும் போட்டு ஊறவைக்கும் மீனுக்கு "விந்தாய்" என்று பெயர், கோவாவின் விந்தாலுவுக்கு உறவு. ரசம் "ராசோன்" ஆகியிருக்கிறது, புளியும் பூண்டும் மிளகும் மாறவில்லை.

உச்சம் என்றால் "செத் கரி", ஏழு கறி. வாழை இலையில் சோறு, சுற்றிலும் பூசணி, வாழைக்காய், பலாக்காய், கத்தரிக்காய், அவரை என்று ஏழு வகைக் காய்கறிக் கறிகள், கூடவே ராசோன். எந்தக் காய் என்பது வீட்டுக்கு வீடு மாறும், எண்ணிக்கைதான் முக்கியம். தமிழ் வீட்டு விசேஷங்களிலும் கோவில் திருவிழா முடிவிலும் கிடைக்கும், இப்போது சில உணவகங்களிலும் வைத்திருக்கிறார்கள். கையால் சாப்பிடுங்கள், அவர்களும் அப்படித்தான். "இது சாம்பார் மாதிரி இல்லையே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாட்டியிடமிருந்து பேத்திக்கு எழுதாமல் வந்த சமையல். நம் ஊர்ச் சாம்பாரும் அன்றைக்கு இப்போது மாதிரி இருந்திருக்காது.

சைவர்களுக்குப் பட்டினி கிடக்கும் ஊர் இல்லை. மாட்டிறைச்சி பெரும்பாலான இந்து வீடுகளில் இல்லை, பன்றி முஸ்லிம் வீடுகளில் இல்லை, அதனால் பொது விருந்தில் கோழியும் மீனும் காய்கறியும்தான். வெண்ணிலா மணக்கும் டீயும் அங்கே உண்டு. குடித்துப் பாருங்கள், எனக்கு ஒத்துவரவில்லை.

படி 5: கோவிலுக்கும் காவடிக்கும்

பழைய ஆட்கள் தமிழ்க் கோவிலை "லெக்லீஸ் தமூல்" என்பார்கள், அதாவது தமிழ்ச் சர்ச். இப்போது "கோவில்" என்ற சொல்லே பரவலாகிவிட்டது. போர்ட் லூயிஸின் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவில், காத்ர் போர்ன் ஊரில் கோர் த கார்ட் மலைச்சரிவில் உள்ள முருகன் கோவில், இரண்டும் பார்க்க வேண்டியவை. மலைக்கோவிலுக்குக் காலையிலேயே ஏறிவிடுங்கள். மேலே இருந்து கீழே ஊர் தெரியும்.

தைப்பூசம் நாடு முழுவதும் அரசு விடுமுறை. பத்து நாள் கரேம், கொடியேற்றம், பிறகு காவடி. நம் பழனிக் காவடியிலிருந்து சில வேறுபாடுகள் கண்ணில் படும்: வளைந்த மரச்சட்டத்தில் பூவும் இலையும் மயிலிறகும் அடர்த்தியாகக் கட்டியிருப்பார்கள், உடையில் அடர் இளஞ்சிவப்பு நிறையத் தெரியும். அலகு குத்திக்கொண்டு ஆற்றங்கரையிலிருந்து நடப்பார்கள். செம்பில் எடுத்துப்போகும் பால் கோவிலில் இறக்கும் வரை திரியாமல் இருந்தால் விரதம் சுத்தம் என்று நம்பிக்கை. சீனர்களும், கிரியோல்கள் எனப்படும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் நேர்ந்துகொண்டு காவடி எடுப்பதைப் பார்க்கலாம்.

பார்க்கிறவர்கள் செய்ய வேண்டியது: அன்று காலை முதல் சைவம். செருப்பை வெளியே விடுங்கள், தோளும் முழங்காலும் மறையட்டும். அலகு குத்தும் நேரத்தில் கேமராவை முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள், கேட்டுவிட்டு எடுத்தால் யாரும் மறுப்பதில்லை. ஊர்வலம் முடிந்ததும் செத் கரிப் பந்தி. வரிசையில் நில்லுங்கள், தெரியாதவர் என்று யாரும் எழுப்பமாட்டார்கள். தீமிதிக்கும் இதே ஒழுங்குதான்.

மகா சிவராத்திரிக்குக் கங்கா தலாவ் ஏரிக்கு லட்சக்கணக்கானவர்கள் நடந்தே போகிறார்கள், சட்டம் கட்டி அலங்கரித்த காவடிகளைச் சுமந்தபடி. அந்த வாரம் வாடகைக் கார் எடுக்காதீர்கள், சாலையெங்கும் நடப்பவர்கள்தான். மற்ற நாட்களில் போனால் 33 மீட்டர் சிவன் சிலையும் மூடுபனியும் குரங்குகளும். குரங்கிடம் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் இருந்தால் 8-ம் தேதி இரவு சாந்த் குருவாவில் பேர் லவாலின் கல்லறைக்குப் போகும் நடைப்பயணத்தைப் பாருங்கள். 1864-ல் இறந்த கத்தோலிக்கப் பாதிரியார். மெழுகுவத்தி ஏந்தி வருகிறவர்களில் பொட்டு வைத்த பெண்களும் இருப்பார்கள், நம் வேளாங்கண்ணி போல.

படி 6: வீட்டுக்கு அழைத்தால்

அழைப்பார்கள். முற்றத்தில் மூங்கிலில் சிவப்புக் கொடி பறந்தால் அனுமனுக்கு ஏற்றியது, போஜ்புரி வம்சாவளி வீடு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். வாசலில் செருப்பைக் கழற்றலாமா என்று கேளுங்கள். கேக்கோ பழமோ வாங்கிப் போங்கள், மது வேண்டாம், அந்த வீட்டு வழக்கம் தெரியாது. நன்கு பழகியவர்கள் கன்னத்தோடு கன்னம் வைத்து வணங்குவது பிரெஞ்சு வழக்கம். அவர்கள் முன்வந்தால் பின்வாங்காதீர்கள், நீங்களாக முந்தாதீர்கள்.

என்ன சாதி, எந்த ஊர் என்ற நம் வழக்கமான விசாரணையைத் தொடங்கவே வேண்டாம். ஊரைத் தேடி அவர்களே பழைய ஒப்பந்தச் சீட்டின் நகலைக் காட்டினால் அப்போது உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். பிழையாக எழுதப்பட்ட கிராமப் பெயரை நம்மால் சில சமயம் கண்டுபிடிக்க முடியும். நாம் அங்கே செய்யக்கூடிய உருப்படியான உதவி அது.

படி 7: கடற்கரையும் சேகாவும்

கடற்கரை பொதுச்சொத்து. ஹோட்டலுக்கு முன்னால் உள்ள மணலிலும் நீங்கள் நடக்கலாம். ஃப்ளிக் ஆன் ஃப்ளாக், பெல் மார், ப்ளூ பே எல்லாம் பவளத்திட்டுக்கு உட்பட்ட அமைதியான நீர். தெற்கே க்ரி க்ரியில் திட்டு இல்லை, அலை மோதும், இறங்காதீர்கள். கடல் முள்ளியும் கல்மீனும் உண்டு, ரப்பர் செருப்போடு இறங்குங்கள். கடற்கரை உடையில் ஊருக்குள் கடைக்குப் போவது அங்கே அசிங்கம்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக் கடற்கரைக்குப் போங்கள். சவுக்கு நிழலில் குடும்பம் குடும்பமாக பிரியாணி அண்டா, பாய், கூடாரம். மாலையில் யாராவது ஆட்டுத்தோல் பறையான "ராவான்" ஒன்றைத் தீயில் காய்ச்சித் தட்டத் தொடங்குவார்கள். அதுதான் சேகா, அடிமைகள் இரவில் ஆடிய ஆட்டம். கால் தரையைவிட்டு எழாமல் தேய்த்துத் தேய்த்து ஆடுவார்கள். ஹோட்டல் மேடையில் பளபளப் பாவாடையோடு ஆடுவது வேறு சரக்கு. "சேகா திப்பிக்" 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கை நீட்டி அழைத்தால் எழுந்து ஆடுங்கள், தெரியாவிட்டாலும்.

தென்மேற்கு மூலையில் நிற்கும் லெ மோர்ன் மலை தப்பியோடிய அடிமைகள் ஒளிந்த இடம். 2008-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. பிப்ரவரி 1 அடிமை ஒழிப்பு நாளன்று அடிவாரத்தில் நினைவுகூர்கிறார்கள். அன்று அந்த மலையைப் பின்னணியாக வைத்துக் குதித்துப் படம் எடுக்காதீர்கள்.

படி 8: சுற்றுவதும் செலவும்

வண்டி நம்மைப்போல இடப்பக்கம். பேருந்து மலிவு, ஆனால் கிராமப்புறத்தில் மாலை ஏழுக்குள் அடங்கிவிடும். போர்ட் லூயிஸிலிருந்து க்யூர்பீப் வரை மெட்ரோ ஓடுகிறது. டாக்சியில் ஏறும் முன் தொகையைப் பேசி முடியுங்கள். என்னிடம் ஒருவர் இறங்கும்போது இரட்டிப்பாகக் கேட்டார், முன்னால் பேசாதது என் தவறு. ஒரு மொரீஷியஸ் ரூபாய் நம் ரூபாயைவிட மதிப்பு கூடியது, கணக்குப் போடும்போது மறந்துவிடாதீர்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடைகள் பல மூடிவிடும். பிளாஸ்டிக் பை தடை, துணிப்பை கொண்டுபோங்கள். மின்சாரச் செருகியில் மூன்று முனைச் சதுர வகையும் ஐரோப்பிய வகையும் இருக்கும், மாற்றி தேவை.

படி 9: கடைசி நாள்

விமான நிலையம் தென்கிழக்கில், மாயெபூர் ஊருக்குப் பக்கம். திரும்பும் நாளைத் திங்கட்கிழமையாக வைத்துக்கொண்டால் மாயெபூர் வாரச்சந்தை கிடைக்கும். பெட்டியை விடுதியில் போட்டுவிட்டுப் போங்கள். 1870-லிருந்து மரவள்ளிக்கிழங்கு மாவில் பிஸ்கட் சுடும் சிறு ஆலை ஒன்று அதே ஊரில் இருக்கிறது. மாவைச் சலிப்பதும் இரும்புத் தட்டில் சுடுவதும் இன்னும் கையால்தான். பொட்டலம் வாங்குங்கள், விமானத்தில் தடையில்லை. மீதமிருக்கும் நேரத்தில் சந்தைக்குத் திரும்பி, "என் பேர்" கேளுங்கள். பிமா திகித்.